பழைய நம்பர், புது வாட்ச்

– இல்ல மாமா, "இந்த வாட்ச் யாருன்னே எனக்குத் தெரியாது"ங்கு உங்க போனு. நான் சொல்லல, போனு சொல்லுது.

– ஏட்டி ஷஹீரா, நேத்து நீ என்ன சொன்ன? "மைதீன் மாமா, பழைய வாட்சோட நம்பர புது வாட்சுக்குள்ள எழுதிட்டா போதும், போனுக்கு வித்தியாசமே தெரியாது"ன்னு இதே ஸ்டூல்ல உக்காந்து சொன்னியா இல்லியா?

– சொன்னேன்.

– வாசல்ல என்ன போர்டு வச்சிருக்க? "ஷஹீரா மொபைல்ஸ், எல்லா ரிப்பேரும் பார்க்கப்படும்." பார்க்கப்படும்னுதான் போட்டிருக்க. சரிபண்ணித் தரப்படும்னு போடல. நாந்தான் ஒழுங்கா வாசிக்கல, கேட்டியா.

– இப்ப வாசிச்சாச்சுல்ல, கொஞ்சம் சும்மா இருங்க. டீ சொல்லட்டா?

– சீனி இல்லாம சொல்லு. என் மக சார்ஜாவுல இருந்தே மோப்பம் புடிச்சிருவா.

– ரசீதா எப்படிப் புடிப்பா? ரெண்டு நாளா நெட்டத்தான் நிப்பாட்டி வச்சிருக்கியளே.

– நிப்பாட்டாம? வாட்ச் ஒடஞ்சதும் மொத வேலையா அதத்தான் செஞ்சேன். எத்தன ஸ்டெப்பு நடந்தேன், எப்பத் தூங்குனேன், நெஞ்சு எத்தன தடவ அடிச்சுதுன்னு வாட்ச் போனுக்குச் சொல்லுது, போனு அவளுக்குச் சொல்லுது. வேற வாட்ச் மாட்டுனா, "உங்க வாப்பா புதுசா ஒண்ணு மாட்டிருக்காரு"ன்னு அதையும் போட்டுக் குடுத்துரும். அப்பறம் ஆரம்பிப்பா. பழசு என்னாச்சு, ஏன் கழட்டுனிய, எத்தன நாளா கழட்டி வச்சிருந்திய? நர்சுக்குப் படிக்க வச்சது என் தப்பு. போலீசுக்கு அனுப்பிருக்கணும்.

– "ஒடஞ்சிட்டு, வேற வாங்கிட்டேன்"னு உள்ளதச் சொன்னா என்ன மாமா?

– சொல்லலாமே. நீயும் என்கூட வந்து, அவ வீட்டு பதினேழாவது மாடியில பகல் பூரா சுவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்னா இப்பவே சொல்லிருதேன். போன வருசம் எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிட்டு என்ன சொல்லிட்டுப் போனா தெரியுமா? "வாப்பா, இந்த வாட்ச் ஒரு நாளு உங்க கையில இல்லேன்னு தெரிஞ்சாலும் விசா எடுத்துருவேன். ஊருல தனியா கெடந்தது போதும்"னா. நான் முப்பத்தோரு வருசம் சவுதியில, தம்மாம்ல கெடந்தவன் பிள்ள. ஒரு ரூம்ல எட்டுப் பேரு. ஒரே சன்னலு, அதுலயும் ஏசிய மாட்டி அடச்சு வச்சிருந்தான். எல்லாம் முடிஞ்சு வந்து இங்கன காலு நீட்டி உக்காந்திருக்கேன். என் வீட்டுக்காரி மகபூப் பீவிய அடக்கின மண்ணு இங்கன இருக்கு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அவகிட்டப் போயி ஒரு யாசீன் ஓதலேன்னா எனக்குச் சோறு எறங்காது. இனி எவன் கூப்பிட்டாலும் நான் ஏரோப்ளேன் ஏற மாட்டேன்.

– சரி மாமா. அதுக்குத்தான கண்ணு பூத்துப் போயி உக்காந்திருக்கேன்... ஆங். யா அல்லாஹ்.

– என்ன?

– நான் ஒரு கிறுக்கி.

– அல்ஹம்துலில்லாஹ். ரெண்டு நாளாயிட்டு நீ அத ஒத்துக்கிட.

– வண்டிக்கு சேசிஸ் நம்பர் இருக்க மாரி, ஒவ்வொரு வாட்சுக்கும் பன்னெண்டு எழுத்துல ஒரு நம்பர் உண்டு. உங்க பழைய வாட்சோட நம்பரு போனுல கெடந்துச்சு. அதப் பாத்து, முன்னாடி இருந்து வரிசையா எழுதிட்டேன். ஆனா இந்த வாட்சுக்குள்ள இருக்க சிப்பு கடைசில இருந்து ரெண்டு ரெண்டு எழுத்தா எடுத்து வாசிக்கும். தலகீழா வாசிச்சு, அது வேற ஆளாயிட்டு.

– சின்னதுல உன்ன ஓதப் பள்ளிக்கு அனுப்புனாங்களா இல்லியா? வலதுல இருந்து இடது வாசிக்க அங்கன சொல்லித் தந்தாங்கள்ல?

– தந்தாங்க.

– அதுலயும் தூங்கிருக்க.

– இந்தா, ரெண்டு ரெண்டா திருப்பிப் போட்டாச்சு. போன ஆப் பண்ணி ஆன் பண்ணுதேன்... புளூடூத்தப் போடுதேன்... வந்துட்டு மாமா! பழைய பேரு, பழைய நம்பரு!

– மாஷா அல்லாஹ். சும்மா சொல்லக்கூடாது, நீ கெட்டிக்காரி.

– போயிட்டு.

– எது?

– சேர வந்துச்சு, போனு கதவச் சாத்திட்டு. சாவி பொருந்தலைங்கு.

– இதுல சாவி எங்கன இருந்து வந்துச்சு?

– மொத தடவ ஒரு போனும் வாட்சும் சேரும்போது, ரெண்டும் தங்களுக்குள்ள ஒரு ரகசியம் பேசி வச்சுக்கிடும். அடுத்த தடவ அதச் சொன்னாத்தான் உள்ள விடும். புது வாட்ச் வந்து பேரக் கரெக்டாச் சொல்லுது. "அன்னைக்கு நாம என்ன பேசினோம்?"னு போனு திருப்பிக் கேட்டா, பேந்தப் பேந்த முழிக்கு.

– அப்ப நம்பர மாத்துனா போதும்னு நேத்து நீ சொன்னது?

– நம்பர மாத்துனா வாசல் வரைக்கும் வரலாம்னு அர்த்தம்.

– நீ தேரடியில மொபைல் கடை வச்சிருக்க ஆளே இல்ல. கோர்ட்டுல இருக்க வேண்டியவ.

– மாமா, போனு அடிக்கி. ரசீதாதான். சாதாக் கால்ல வாரா.

– தொடாத! கட் பண்ணாத, எடுக்காத. அது பாட்டுக்கு அடிச்சு ஓயட்டும்.

– பாவம்லா, என்னமோ ஏதோன்னு பதறுவா.

– பதறட்டும். வாட்ச் ஏன் பேசலன்னு கேக்கத்தான் கூப்பிடுதா, எனக்குத் தெரியாதா? முந்தாநாளுல இருந்து இதே பாட்டுதான். இது சரியானதும் நானே கூப்பிட்டு, "நெட்டு இல்ல மக்கா, டவர்ல ஏதோ கோளாறு"ன்னு சொல்லிருவேன். இப்ப ஆக வேண்டியதப் பாரு.

– போனுல பழைய சேர்க்கைய அழிச்சிட்டுப் புதுசா சேக்கணும். அதுக்கு முன்னாடி ஆப்புல இருக்க எண்ணெல்லாம் பத்திரமா இருக்கான்னு பாத்துக்கிடுதேன்... மாமா.

– ம்.

– போன செவ்வாக்கெழம பதினெட்டாயிரத்து நானூறு ஸ்டெப்பு நடந்திருக்கிய.

– நடந்தேன்.

– புதன்கெழம பத்தொன்பதாயிரம்.

– காத்து நல்லா இருந்துச்சு.

– நல்லாருக்கு. இன்னைக்கு தெக்கு ரதவீதியில இருந்து இங்கன வாரதுக்கு ஆட்டோல வந்து எறங்குனியளே?

– வெயிலு.

– வியாழக்கெழம ராத்திரி ரெண்டு மணிக்கு ஆறாயிரம் ஸ்டெப்பு. அப்பவும் வெயிலா?

– தஹஜ்ஜத் தொழ எந்திரிச்சேன்.

– ஆறாயிரம் ஸ்டெப்பு வச்சு எந்தப் பள்ளியில போயித் தொழுதிய, கடையநல்லூர்லயா?

– ஏட்டி, நீ வாட்சுக்கு வைத்தியம் பாக்கியா, எனக்கு விசாரணை வைக்கியா?

– பாய்! இங்கனயா இருக்கிய? உங்க வீட்டுல பூட்டு தொங்கு. ஆட்டோக்காரந்தான் சொன்னான், மொபைல் கடையில எறக்கி விட்டேன்னு.

– வே பெத்துராஜு, நீரு எதுக்கு இப்ப வந்தீரு? போயிட்டு வாரும். அப்பறம் பேசுவோம்.

– ரெண்டு நாளா காணலியேன்னு வந்தா நல்ல மரியாதை, பாத்துக்கிடுங்க.

– யாரு மாமா இது?

– தறி ஓட்டுதாரு. தெரிஞ்சவரு. சும்மா வந்திருக்காரு.

– நானா சும்மா? தாயி, பவர்லூம்ல ஒத்த ஆளா ஆறு தறி பாக்கேன். பாய் என்னையப் பாத்து சும்மாங்காக.

– மாமா! சேந்துட்டு!

– எது?

– போனு, வாட்சு! நான் ஒண்ணுமே செய்யல. தானா சேந்துட்டு. இந்தா பச்சை விளக்கு... ஒரு நிமிசம் இருங்க.

– மறுபடியும் என்ன?

– நெஞ்சுத் துடிப்பு நூத்திப் பன்னெண்டு.

– யாருக்கு?

– இந்தா, மேசையில கெடக்க வாட்சுக்கு. இத இன்னும் யாரு கையிலயும் மாட்டல. முதுகத் தொறந்து வயரு தொங்குது. அதுக்கு நிமிசத்துக்கு நூத்திப் பன்னெண்டு துடிப்பு. இன்னைக்கு மட்டும் ஏழாயிரத்து இருநூறு ஸ்டெப்பு வேற நடந்திருக்கு. மேசையிலயே.

– நல்ல மேசை. தேக்கா?

– பிளைவுட்டு. அண்ணாச்சி, உங்களத்தான். கொஞ்சம் அந்த சோடாக் கடை வரைக்கும் போயி நில்லுங்க.

– எதுக்கு தாயி?

– சும்மா. உங்கள சும்மான்னுதான சொன்னாரு மாமா.

– போறேன். இந்தக் கடைக்கு வந்தா நல்லா உபசரிக்காங்கப்பா.

– பாத்தியளா மாமா, அறுந்துட்டு. துடிப்பும் போச்சு, ஸ்டெப்பும் போச்சு. அண்ணாச்சி! வாங்க! இன்னும் கிட்ட... ம், சேந்துட்டு. சட்டைக் கைய மேல ஏத்துங்க அண்ணாச்சி.

– பாய்?

– ஏத்தும் வே. மாட்டிக்கிட்டோம்.

– யா ரப்பே! மாமா, "பழைய வாட்ச் சுக்குநூறா போயிட்டு, குப்பையில போட்டாச்சு"ன்னு சொன்னிய. இங்கன அண்ணாச்சி கையில நூலச் சுத்திக் கட்டிக் கெடக்கு.

– இவருதான் அப்படிச் சொன்னாரு!

– நான் எப்ப பாய் சொன்னேன்? தறியில ஓடுத நாடாக்கட்டை தெறிச்சு வந்து கண்ணாடியில அடிச்சிட்டு, முகம் கருத்துட்டுன்னேன். பட்டையும் அறுந்துட்டுன்னேன். "செத்துட்டு"ன்னு முடிவு கட்டினது நீங்க. ஆனா நீங்கதான மொத நாளே சொன்னிய, "வே, ஒரு நாளுகூட கழட்டிராதீரு, கழட்டுனா நான் சார்ஜாவுல"ன்னு. அதான் பாவு நூல எடுத்துக் கட்டிக்கிட்டேன். குளிக்கும்போதுகூட கழட்டல. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன், பாத்துக்கிடுங்க.

– உம்ம சொல்லு மாறாம இருந்ததுல ரெண்டு நாளா இந்தப் பிள்ள கிறுக்குப் புடிச்சுப் போச்சு வே.

– முகந்தான் கருத்திருக்கு மாமா, உள்ள நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருக்கு. இப்ப ஒரே நம்பர்ல ரெண்டு வாட்ச் ஆயிட்டு. ரகசியம் தெரிஞ்சது பழசு. அது பக்கத்துல வந்ததும், போனு புதுச விட்டுட்டு அதுகிட்டப் போயிட்டு. சரி, அது கெடக்கட்டும். அந்தப் பதினெட்டாயிரம் ஸ்டெப்பு யாரோடது?

– எனக்கு முட்டி வலி பிள்ள.

– அதக் கேக்கல மாமா.

– நான் சொல்லுதேன் தாயி. மூணு தறி இந்தப் பக்கம், மூணு தறி அந்தப் பக்கம். எங்கன நூலறுந்தாலும் ஓடணும். ஷிப்டு முடியதுக்குள்ள திருவேங்கடம் ஊரு வரைக்கும் நடந்துட்டு வந்த மாரி ஆயிரும். ஒரு நாளு பாய் சொன்னாக, "வே, எப்படியும் நடக்கத்தான போறீரு, அத என் பேர்ல நடந்தா என்ன?"ன்னு. எனக்கென்ன நட்டம்? வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம பிரியாணி. தெனமும் ஒரு தடவ அவுக வீட்டு வாசல்ல வந்து அஞ்சு நிமிசம் நிப்பேன். போனு எல்லாத்தையும் உறிஞ்சிக்கிடும். கெளம்பிருவேன்.

– நல்லாருக்கு. ஸ்டென்ட் வச்சது அவருக்கு, நடக்கது நீங்க. பிரியாணியாவது பாதி அவருக்கு உண்டா?

– லெக் பீசு அவுகளுக்கு.

– வே!

– கேக்குதால்லா பாய், உள்ளதச் சொல்லணும்ல.

– ஏன் மாமா, நெசமாவே முட்டி வலிதானா?

– ...இல்ல.

– பெறகு?

– பயம். சிரிக்காத, கேட்டியா. கொஞ்ச தூரம் நடந்தா நெஞ்சப் புடிச்சிக்கிடுமோன்னு பயமா இருக்கு. ஆசுபத்திரிய விட்டு வந்த மொத வாரம் வடக்கு ரதவீதி முக்கு வரைக்கும் போனேன். அங்கனயே ஒரு கடைப் படியில உக்காந்துட்டேன். நெஞ்சு வலியெல்லாம் இல்ல. வந்துருமோன்னு நெனச்சே காலு ஓடல. ரோட்டுல விழுந்தா, தூக்க வாரவன் மொதல்ல போட்டோ எடுத்துட்டுத்தான் தூக்குவான். இத ரசீதாகிட்ட எப்படிச் சொல்ல? சொன்னா அன்னைக்கே விசா. அதான் இவரப் புடிச்சேன்.

– சிரிக்கல மாமா.

– இவரு சிரிக்காரு பாரு.

– நான் சிரிக்கல பாய். என் மூஞ்சியே அப்படித்தான்.

– சரி அண்ணாச்சி, அந்தப் பழச அவுத்துக் குடுங்க. அத ஆப் பண்ணுனாத்தான் புதுச சேக்க முடியும்... இது என்ன, நூத்தி முப்பதுங்கு. இப்ப எழுபது. மறுபடியும் நூத்தி நாப்பது. ஒரு நெலையில நிக்க மாட்டேங்கு.

– சைக்கிள்ல வந்தேன்லா தாயி.

– வந்து கால் மணி நேரம் ஆயிட்டே.

– கண்ணாடி ஒடஞ்ச மிசினு வாய்க்கு வந்ததச் சொல்லும் பிள்ள. அதப் போயி பஞ்சாங்கம் மாரி வாசிச்சுக்கிட்டு. அவுத்துக் குடும் வே.

– இந்தாங்க. ஒரு மாரி இருக்கு பாய், கையி வெறுங்கையா.

– என்ன வே, கல்யாணத்துக்குப் போட்ட மோதரத்தக் கழட்டச் சொன்ன மாரி மூஞ்சிய வைக்கீரு?

– நீங்க கேலி பண்ணுவிய. இருவத்தாறு வருசமா தறிக்கு நடுவுல நடக்கேன். எவனும் எண்ணுனது கெடயாது. முதலாளி சேலையத்தான் எண்ணுவான். சார்ஜாவுல ஒரு பிள்ள உக்காந்து, நான் வச்ச ஒவ்வொரு ஸ்டெப்பையும் பாக்குதுன்னு நெனச்சா, எனக்கு அது நல்லா இருந்துச்சு. எங்க வீட்டுல பேச்சித்தாயிகிட்டகூட சொன்னேன். "உம்ம பேர்லயா பாக்குது?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா.

– உங்க வீட்டுல இருக்கவளும் லேசுப்பட்டவ இல்ல அண்ணாச்சி. சரி, பழசு ஆப் பண்ணியாச்சு. இப்ப போனுல அந்தச் சேர்க்கைய அழிக்கேன்.

– அவளுக்குத் தெரிஞ்சிராதே?

– நெட்டுதான் இல்லியே. புது வாட்சையும் தொடச்சு மொதல்ல இருந்து ஆரம்பிக்கேன், முழிச்ச முழியெல்லாம் அதுக்கு மறந்து போகட்டும். நம்பரு மட்டும் பழசு. போனு ஆப்பு... ஆனு... "சேக்கவா?"ன்னு கேக்கு.

– பிஸ்மில்லா சொல்லி அமுக்கு.

– பிஸ்மில்லா... சேந்துட்டு!

– போன தடவையும் இதத்தான் சொன்ன.

– இந்தத் தடவ நிக்கு மாமா. பாருங்க, போகல. ரெண்டும் புதுசா ரகசியம் பேசிக்கிட்டு. ரசீதா பக்கம் பாத்தா அதே பேரு, அதே நம்பரு. ஒரு பய கண்டுபிடிக்க முடியாது.

– மேசைக்கு இப்பத் துடிப்பு இருக்கா?

– இல்ல. மேசை மவுத்தாயிட்டு.

– இன்னாலில்லாஹி. நல்ல மேசை, நல்லா நடந்துச்சு.

– முதுக மூடிட்டேன். இப்ப யாராவது கையில மாட்டி, எண்ணுதான்னு பாக்கணும். மாமா, கைய நீட்டுங்க.

– நானா?

– உங்க மக உங்களுக்கு வாங்கித் தந்த வாட்சோட பேரு மாமா அது.

– நாளையில இருந்து மாட்டுதேன் பிள்ள. நாளைக்கு நிச்சயமா.

– போன வருசம் பூரா அந்த நாளைதான.

– இன்னைக்கு மட்டும் அவரு போடட்டும். இவ்வளவு பாடுபட்டாச்சு, நான் போட்டு அது மூவாயிரத்துல நின்னா நல்லாவா இருக்கும்? வே, கைய நீட்டும். இப்பதான வெறுங்கைன்னு அழுதீரு.

– அழல பாய், சொன்னேன். ஆங், பட்டை நல்லா வழவழன்னு இருக்கு.

– பக்கத்துல மாடிப்படி இருக்குல்ல, மூணு மாடி? ஏறி எறங்கும். ஸ்டெப்பு ஏறுதான்னு நாங்க இங்கன இருந்து பாக்கோம்.

– எத்தன தடவ?

– போதும்னு நான் சொல்லுத வரைக்கும். ஆறு தறி பாக்க ஆளுக்கு மூணு மாடில மூச்சு வாங்கிருமோ?

– யாருக்கு, எனக்கா? நீங்க எண்ணிக்கிட்டே இருங்க, பாத்துக்கிடுங்க.

– மெதுவாப் போங்க அண்ணாச்சி!

– அவரு மெதுவாப் போவாரா? நீ வேற. ஏறுதா?

– ஏறுது மாமா. இருவது... முப்பத்தஞ்சு... நாப்பத்தெட்டு. கரெக்டா எண்ணுது.

– பாய்! மொத ரவுண்டு!

– கேட்டுச்சு வே! சரி பிள்ள, நெட்டப் போடு. ரெண்டு நாளு வனவாசம் முடிஞ்சிட்டு. டவர் கோளாறுன்னு சொல்லிருதேன்.

– போட்டுட்டேன்... வந்து கொட்டுது மாமா. வாட்சாப்புல மட்டும் இருவத்திமூணு தடவ கூப்பிட்டிருக்கா ரசீதா.

– போச்சு. விசா எடுத்துட்டா.

– ஒரு வாய்ஸ் மெசேஜும் இருக்கு. முந்தாநாளு சாயங்காலம் அனுப்பிருக்கா.

– போடாத.

– போட்டாத்தான என்னன்னு தெரியும்?

– என்னன்னு எனக்குத் தெரியும். டிக்கெட் நம்பரு, ஏரோப்ளேன் எத்தன மணிக்கு, வாய் பேசாம வாங்க வாப்பான்னு ஒரு அதட்டு. நாளைக்குக் கேக்கேன்.

– இந்த நாளையும் வேண்டாம். போடுதேன்.

– "வாப்பா, ரசீதா பேசுதேன். நீங்க போன எடுக்க மாட்டிய, தெரியும். இதையாவது கேளுங்க. அந்த வாட்ச் உங்க கையில இல்லேங்கது எனக்கு மொத வாரமே தெரியும்..."

– நிப்பாட்டு.

– நிப்பாட்ட மாட்டேன், கேளுங்க.

– "...ராத்திரி ரெண்டு மணிக்கு ஆறாயிரம் ஸ்டெப்பு நடக்க மனுசன் என் வாப்பா இல்ல. டீக்கடைக்கே ஆட்டோல போறவரு நீங்க. யாரோ ஒரு பாவப்பட்ட ஆளுகிட்ட மாட்டி விட்டுட்டு, என்னைய ஏமாத்திட்டோம்னு சந்தோசமா இருக்கியன்னு நெனச்சு, நானும் சிரிச்சுக்கிட்டு விட்டுட்டேன். உங்கள இங்கன இழுத்துட்டு வந்து அடச்சு வைக்க எனக்கு மட்டும் ஆசையா?..."

– மொத வாரமே தெரியுமா? ஏட்டி ஷஹீரா, மொத வாரமேவா? அப்ப நம்ம ரெண்டு நாளா எதுக்கு இந்த நம்பர வச்சுக்கிட்டு...

– பாய்! ரெண்டாவது ரவுண்டு! மூச்சே வாங்கல, பாத்துக்கிடுங்க!

– ஸ்ஸ், இருங்க மாமா, இன்னும் இருக்கு.

– "...ஆனா இப்பச் சிரிக்கல வாப்பா. தெனமும் பாத்துப் பாத்து, அந்த மனுசன் எப்ப ஷிப்டுக்குப் போறாரு, எப்பச் சாப்பிட உக்காருதாருன்னுகூட எனக்குத் தெரிஞ்சு போச்சு. பேருதான் தெரியாது. பத்து நாளா அவரு நெஞ்சு ஒழுங்கா அடிக்கல. தூங்கும்போதுகூட தாறுமாறா ஓடுது, நிக்கி, மறுபடியும் ஓடுது. எங்க ஆசுபத்திரி டாக்டர்கிட்ட காட்டிட்டேன்..."

– பாய்! மூணாவது ரவுண்டு போறேன்! இன்னும் வேகமா ஏறட்டா?

– "...அவரு நம்பரு எங்கிட்ட இல்ல. உங்கள விட்டா வழியில்ல. உங்க மேல கோவமெல்லாம் ஒண்ணுமில்ல, போன எடுங்க வாப்பா. அந்த வாட்ச் யாரு கையில கெடக்கோ அவர இனி ஒரு படிகூட ஏற விடாதிய, இந்த நிமிசமே ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."